ஆறாம் மேஜை, அரை அங்குலம்

கண்ணாடிக்காரர் பதினோரு வருஷமாக மாற்று ஆள். அதாவது, துப்பாக்கி சுடும் கிளப்பின் நால்வர் அணியில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, கை சுளுக்கினாலோ அவர் போய்ச் சுட வேண்டும். இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த நால்வருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அப்படிப்பட்ட இரும்பு உடம்புக்காரர்களை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போவார். பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து நால்வரின் தண்ணீர் பாட்டிலையும் காவல் காப்பார். திரும்பி வந்து ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

இந்த வருஷம்தான் அதிசயமாக நால்வரில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். செய்தி வந்தபோது கண்ணாடிக்காரர் தன் கடையில் ஒரு பெரியவரின் பார்வையைச் சோதித்துக்கொண்டிருந்தார். "கடைசி மூணு வரிசையும் சுத்தமா தெரியலைங்க" என்றார் பெரியவர். "ரொம்ப சந்தோஷம்! ரொம்ப ரொம்ப சந்தோஷம்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் கண்ணாடிக்காரர். பெரியவர் அன்றைக்கு வேறு கடையில் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

அணியில் இடம் காலி. இடம் காலியென்றால் தேர்வு உண்டு. தேர்வுக்கென்றே கண்ணாடிக்காரர் ஒரு புதுத் துப்பாக்கி வாங்கினார். ரிம்ஃபயர் ரகம். சின்னத் தோட்டா, அதன் அடிப்பக்க விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். ஆளைச் சுடுவதற்கான சமாசாரமில்லை, ஐம்பது மீட்டரில் ஒரு காகிதத்தில் ஓட்டை போடுவதற்காகவே பிறந்தது. ஆனால் அந்த ஓட்டையை எங்கே போடச் சொன்னாலும் அங்கே போடும் என்று தயாரித்தவர்கள் சத்தியம் பண்ணியிருந்தார்கள். மேலே முப்பத்தாறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப். அதன் வழியாகப் பார்த்தால் இலக்கின் கறுப்பு வட்டம் ஒன்றுதான் கண்ணை நிறைக்கும். சுற்றிலும் உலகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கண்ணாடிக்காரருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. கிளப்பின் விதிப்படி தேர்வென்றால் குறைந்தது இரண்டு பேர் சுட வேண்டும். தனி ஆளாகச் சுட்டுத் தனி ஆளாக ஜெயிப்பது செல்லாது. கிளப்பில் மற்றவர்களைக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்குக் கைத்துப்பாக்கிதான் பிடிக்கும், இன்னொருவருக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்கப் பிடிக்கும். உள்ளுக்குள் கண்ணாடிக்காரருக்கு அதில் வருத்தமும் இல்லை. போட்டிக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் சுத்தமாகச் சுடத் தெரியாதவனாக இருக்க வேண்டும். அப்படி யோசித்தபோது அவர் கண்முன் வந்து நின்றவன் அவருடைய மச்சினன்.

மச்சினன் பிளம்பர். மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது, தங்கமான மனசு, கண் மட்டும் எப்போதும் வேறெங்கேயோ இருக்கும். போன வருஷம் கிளப்பின் குழாயைச் சரிசெய்ய வந்தவனைச் சும்மா உறுப்பினராகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவன் இதுவரை மூன்று முறை சுட்டிருக்கிறான். மூன்றாவது முறை சுட்டது கூரையை. அந்த ஓட்டையை அவனே வந்து அடைத்துவிட்டும் போனான்.

"மாமா, நான் எதுக்கு? எனக்குத்தான் சுடவே வராதே?" என்றான்.

"அதனாலதான் மாப்ள உன்னைக் கூப்பிடறேன்."

"புரியலையே."

"நீ சும்மா வந்து இருபது தோட்டாவைத் தீர்த்துட்டுப் போ. எங்க வேணா சுடு. முன்னாடி பாத்துச் சுட்டா போதும்."

"அவ்வளவுதானா? அது நல்லா வருமே எனக்கு" என்று அவன் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொள்ளாமலிருக்கவும் முடியாது, அவனுடைய அக்கா அதற்கு முந்தின நாளே போனில் அவனைப் பிடித்து, "இந்தத் தடவையும் அந்த மனுஷன் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்தா, அந்த ஒரு வாரம் நீ வந்து இங்க இருந்து பாரு, அப்பத் தெரியும்" என்று சொல்லியிருந்தாள்.

கிளப் ஒரு பழைய கிடங்கின் பின்னால் இருந்தது. தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகப் பத்து மேஜை. ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு மண்மேடு. மண்மேட்டுக்கு முன்னால் மேஜைக்கு ஒன்றாகப் பத்து மரச்சட்டம். சட்டத்தில் இலக்குக் காகிதத்தைக் குத்துவார்கள். தலைக்கு மேலே எண் பலகை. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு மீட்டர் பின்னால் ஒரு வெற்று அட்டையும் நிற்கும். அந்த அட்டை எதற்கு என்று பிளம்பர் கேட்டான். "குண்டு எந்த மேஜைலேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க" என்றார் கண்ணாடிக்காரர். "அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்காக வச்சது. பக்கத்தாள் காகிதத்துல சுடறவங்க இருக்காங்க."

"அப்படிக்கூட பண்ணுவாங்களா?"

"பண்ணுவாங்க மாப்ள. கண்ணுன்னு ஒண்ணு இருந்தா பத்தாது, அதை உபயோகிக்கத் தெரியணும்."

தேர்வை நடத்துகிறவர் அணியின் தலைவி, சர்வேயரம்மா. நிலம் அளக்கிற உத்தியோகம். இரண்டு சகோதரர்கள் சண்டை போடும் நிலத்தில் நடுவே நின்று, ஒரு விரற்கடை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல் எல்லைக் கல் நட்டவர். பேச்சும் அப்படித்தான், அளந்துதான் வரும். கழுத்தில் விசிலும் கையில் விதிப் புத்தகமும் இருக்கும். புத்தகம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, முழுக்க மனப்பாடம்.

காலை எட்டு மணிக்குக் கண்ணாடிக்காரர் ஆறாம் மேஜையில் கடை விரித்துவிட்டார். தேர்வு பத்து மணிக்குத்தான். அதற்கு முன் துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும். இந்த ரகத் துப்பாக்கிக்கு ஒரு கிறுக்குக் குணம் உண்டு. எல்லாத் தோட்டாவும் அதற்குப் பிடிக்காது. ஒரே கம்பெனி, ஒரே டப்பா, ஒரே நிறம்; ஆனால் வேறு நாளில் செய்த தோட்டா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எது பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதற்காக நான்கு டப்பா கொண்டு வந்திருந்தார்.

பிளம்பர் பக்கத்தில் நின்று குழலைப் பார்த்தான். தொழில் அவனை விடவில்லை.

"இது எத்தனை இஞ்சு குழாய் மாமா?"

"குழாய் இல்ல. பேரல். கால் இஞ்சுக்கும் கொஞ்சம் கம்மி."

"இந்த சைஸுக்கு வாஷர் கிடைக்காது" என்று அவன் கவலைப்பட்டான்.

முதல் டப்பாவில் ஐந்து சுட்டார். ஓட்டைகள் ஆளுக்கொரு பக்கம் கோபித்துக்கொண்டு போன மாதிரி விழுந்தன. இரண்டாவது டப்பா கொஞ்சம் தேவலை. மூன்றாவதைப் பற்றிப் பேசாமலிருப்பது மரியாதை. கண்ணாடிக்காரருக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்தது. துப்பாக்கியைத் தடவிக்கொடுத்து, "என்னம்மா வேணும் உனக்கு? சொல்லேன்" என்று கெஞ்சினார். கடையில் அழுகிற குழந்தைகளுக்குக் கண்ணாடி மாட்டும்போது பேசுகிற அதே குரல்.

நான்காவது டப்பா. ஒன்று. இரண்டு. மூன்று. ஸ்கோப்பில் பார்த்தார். ஒரே ஓட்டை. நான்கு. ஐந்து. அப்போதும் ஒரே ஓட்டை. கொஞ்சம் கொழுத்திருந்தது, அவ்வளவுதான். கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். நாற்காலியிலிருந்து எழுந்து மச்சினனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவனும் என்ன விஷயம் என்று கேட்காமல் பதிலுக்குக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

பத்து மணிக்குச் சர்வேயரம்மா வந்தார். துளை போட்ட மரக்கட்டை ஒன்றை ஆளுக்கு முன்னால் வைத்தார். துளைக்கு ஒன்றாகப் பத்துத் தோட்டா.

"ரெண்டு சுத்து. சுத்துக்குப் பத்து. முதல் சுத்து முடிஞ்சதும் புதுக் காகிதம் மாத்துவோம். ஒரு சுத்துக்குப் பதினஞ்சு நிமிஷம். நடுவுல பேச்சு கூடாது. பேசினா ரெண்டு மார்க் போகும்."

"யாருக்கு?" என்றான் பிளம்பர்.

"பேசினவங்களுக்கு."

"எனக்கு இருந்தாத்தானேங்க போறதுக்கு?" என்று அவன் நியாயமாகக் கேட்டான்.

ஒவ்வொரு மேஜையிலும் ஸ்டாண்டில் ஒரு சின்னத் தொலைநோக்கி உண்டு. சுட்டுவிட்டு அதில் பார்த்தால் முழுக் காகிதமும், மேலே எண் பலகையும் தெரியும். கண்ணாடிக்காரர் தன் மேஜையிலிருந்ததை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். முப்பத்தாறு மடங்கு வைத்திருக்கிறவனுக்கு அது எதற்கு என்பது அவர் கட்சி.

முதல் சுற்றில் அவருக்குத் தொண்ணூற்றெட்டு. நூற்றுக்குத்தான். பிளம்பருக்கு ஏழு. அதுவும் நூற்றுக்குத்தான். அவனுடைய குண்டுகளில் ஒன்றுகூடக் கறுப்பு வட்டத்தின் பக்கம் போகவில்லை. காகிதத்தின் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. வெள்ளையிலும் ஒன்று, இரண்டு என்று மதிப்புள்ள வளையங்கள் இருப்பதால் ஏதோ ஏழு மார்க்காவது தேறியது. கண்ணாடிக்காரர் மனசுக்குள் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டார். காலர் கச்சிதமாக இருந்தது.

புதுக் காகிதம் மாட்டினார்கள். சர்வேயரம்மா விசில் ஊதினார்.

பிளம்பருக்குப் பொறுமை கிடையாது. விசில் ஓய்வதற்குள் முதல் குண்டைச் சுட்டு, கிளப்பின் பழைய துப்பாக்கியின் போல்ட் கைப்பிடியை, துருப்பிடித்த வால்வைத் திறக்கிற வேகத்தில் ஓர் இழுப்பு இழுத்தான். காலித் தோட்டா வலப்பக்கமாகப் பறந்தது. அவன் உட்கார்ந்திருந்த ஐந்தாம் மேஜையின் வலப்பக்கம் ஆறாம் மேஜை. ஆறாம் மேஜையில் கண்ணாடிக்காரர் குனிந்து உட்கார்ந்திருந்தார். குனிந்தவரின் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே, நியாயமாகப் பார்த்தால், ஒரு விரல்தான் நுழையும். சூடான தோட்டா நுழைந்துவிட்டது.

பேசினால் இரண்டு மார்க் போகும். எனவே கண்ணாடிக்காரர் வாயைத் திறக்காமல் ஆடினார். துப்பாக்கியில் இன்னும் தோட்டா போடவில்லை, அந்த மட்டும் நல்லது. நாற்காலியை விட்டுத் துள்ளி, முதுகைக் கூரையின் தூணில் தேய்த்து, இடுப்பை இந்தப் பக்கம் வெட்டி, அந்தப் பக்கம் வெட்டி, சட்டையை வெளியே இழுத்து உதறினார். சர்வேயரம்மா தன் உத்தியோகத்தில் பாம்பை மிதித்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறார். யாரும் இவ்வளவு மௌனமாக ஆடியதில்லை. கடைசியில் தோட்டா கால்சட்டை வழியாக வெளியே விழுந்தது. ஆட்டத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் அவருடைய இடுப்பு மேஜையில் மோதி, துப்பாக்கி உட்கார்ந்திருந்த தாங்கியின் முன்பக்கம் இடதுபுறமாக நகர்ந்துவிட்டது. எவ்வளவு? அரை அங்குலம்.

மேஜையில் அரை அங்குலம் என்றால் ஐம்பது மீட்டரில் ஒன்றேகால் மீட்டர். இது கணக்கு வாத்தியாரைக் கேட்டால் சொல்லுவார். பக்கத்துக் காகிதம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால் ஒன்றேகால் மீட்டர் என்று கிளப்பின் தச்சர் சொல்லுவார். கண்ணாடிக்காரர் இருவரையும் கேட்கவில்லை. உட்கார்ந்தார், மூச்சை இழுத்துவிட்டார், ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கறுப்பு வட்டம் ஒன்று பளிச்சென்று, ஒரு கீறலில்லாமல், நடுவில் வந்து நின்றது. "இரு, வரேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சுட்டார்.

நடுப்புள்ளியில் விழுந்தது.

இந்த இடத்தில் பிளம்பரும் தன் இரண்டாவது குண்டைச் சுட்டுவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தான். பார்த்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அவனுடைய ஐந்தாம் எண் காகிதத்தில், கறுப்பு வட்டத்தில், நட்ட நடுவில் ஓர் ஓட்டை. அவன் வாழ்க்கையில் நடுவில் விழுந்த முதல் விஷயம் அது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். பிறகு மூன்றாவதைச் சுட்டான். நடு ஓட்டை கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"மாமா!" என்றான், அடக்கமாட்டாமல்.

"உஷ்!" என்றார் கண்ணாடிக்காரர்.

"ரெண்டு மார்க்" என்றார் சர்வேயரம்மா. அது இருவருக்குமா ஒருவருக்கா என்று சொல்லவில்லை.

பிளம்பருக்குக் கைகால் ஓடவில்லை. எல்லாவற்றையும் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே மிச்சத்தையும் சடசடவென்று சுட்டுத் தீர்த்தான். பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்து தொலைநோக்கியில் தன் கைவேலையை ரசித்தான். அப்போது பக்கத்தில் ஆறாம் மேஜையில் டப்பென்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் கையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, அவன் காகிதத்தின் நடு ஓட்டை இன்னொரு சுற்றுப் பருத்தது.

பிளம்பர் தன் துப்பாக்கியைப் பார்த்தான். அது சும்மா படுத்திருந்தது. மறுபடி தொலைநோக்கியில் பார்த்தான். டப். மறுபடியும். சுடாமலேயே ஓட்டை விழுகிற காகிதத்தை அவன் கண்டதில்லை. பிறகு, குழாய் ஒழுகினால் மேல்வீட்டைப் பார்க்கிற பழக்கம் கைகொடுத்தது. மெதுவாகத் தலையைத் திருப்பிக் கண்ணாடிக்காரரின் துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தான். அது ஐந்தாம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா... மாமா, அது..."

"உஷ்ஷ்!"

கையை ஆட்டினான், ஐந்து விரலைக் காட்டினான். ஐந்தாம் நம்பர் என்று அர்த்தம். ஓரக்கண்ணால் பார்த்த கண்ணாடிக்காரர் இன்னும் ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். பத்தாவது குண்டையும் சுட்டார். போல்ட்டைத் திறந்துவைத்து, கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். பத்துக்குப் பத்து. ஒரே ஓட்டை. இவ்வளவு நாள் கழித்து இந்தக் கை, இந்தக் கண், இந்த மூச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்திருக்கிறது. மச்சினன் ஏன் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறான் என்று புரியவில்லை. தோற்றுப்போன வருத்தம் போலிருக்கிறது, பாவம்.

சர்வேயரம்மா போய் இரண்டு காகிதத்தையும் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் விரித்தார்.

ஆறாம் காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அச்சடித்த கடையிலிருந்து அப்படியே வந்தது போல. ஒரு பொட்டு ஓட்டை இல்லை.

ஐந்தாம் காகிதத்தின் ஓரமெல்லாம் எலி கடித்திருந்தது. நடுவில், சட்டைப் பொத்தான் நுழைகிற அளவில், சுத்தமாக வெட்டி எடுத்தது மாதிரி ஒரே ஓட்டை.

கண்ணாடிக்காரர் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தார். நடு ஓட்டையைப் பார்த்தார். தன் தாங்கியைப் பார்த்தார். நகர்ந்த தடம் மேஜைத் தூசியில் அரை அங்குலத்துக்குத் தெளிவாக இருந்தது. இதற்குமேல் அவருக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கண்ணு இருந்தா பத்தாது மாப்ள என்று காலையில் அவர் சொன்னது மச்சினனுக்கு நினைவிருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டார்.

சர்வேயரம்மா இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் கண் இருக்கிறது. ஆனால் அவர் இந்த மனிதர் பதினோரு வருஷம் தண்ணீர் பாட்டில் காத்ததையும் பார்த்தவர்.

"விதிப்படி முதல்ல துப்பாக்கிக்காரரைத்தான் கேக்கணும்" என்றார். "பத்துல ஒண்ணுகூட காகிதத்துல படல. புதுத் துப்பாக்கி. ஸ்கோப் ஆடியிருக்கலாம், திருகு லூஸா இருக்கலாம். துப்பாக்கி கோளாறுன்னா, அந்தச் சுத்தை மறுபடி சுடலாம். கோளாறா?"

"இந்தப் பத்து?" என்று கண்ணாடிக்காரர் பலவீனமாக ஐந்தாம் காகிதத்தைக் காட்டினார்.

பிளம்பர் குறுக்கே பாய்ந்தான். "அது நான்தாங்க! பையில பத்து தோட்டா எக்ஸ்ட்ரா இருந்துச்சு. சும்மா சேத்துச் சுட்டுட்டேன்."

"கூடுதலா சுட்டா வெளியேத்தணும், தெரியுமில்ல?"

"ஏத்துங்க. சந்தோஷமா போறேன்." பிறகு குனிந்து மாமாவின் காதில், "கோளாறுன்னு சொல்லிடுங்க மாமா. துப்பாக்கிக்கு என்ன, வாயா இருக்கு?" என்றான்.

கண்ணாடிக்காரர் சொல்லத்தான் போனார். அதைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். நல்ல மனிதர்தான், ஆனாலும் பதினோரு வருஷம் பதினோரு வருஷம்தான். ஒரே ஒரு வார்த்தை. மறுபடி பத்துச் சுடுவார், நான்காவது டப்பாவில் இன்னும் மிச்சமிருக்கிறது, இடம் அவருக்குத்தான். வாயைத் திறந்தார்.

சர்வேயரம்மா அதற்குள் பதிவேட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். எந்தப் புதுத் துப்பாக்கி வந்தாலும் அதன் முதல் சோதனையை எழுதி வைப்பது வழக்கம். எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறவர் அவர். "புதுத் துப்பாக்கி. ஐம்பது மீட்டர். பத்துக்கு... பத்தும்... காகிதத்திலேயே... படவில்லை. துப்பாக்கி நம்பத் தக்கதல்ல."

"என்னது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கோளாறுன்னா அப்படித்தானே எழுதணும்."

"நம்பத் தக்கதல்லவா?"

"மாமா, விடுங்க" என்றான் பிளம்பர்.

சர்வேயரம்மா பேனாவை வைத்துவிட்டு ஐந்தாம் காகிதத்தைக் கையிலெடுத்தார். நடு ஓட்டையைச் சுற்றி விரலால் தடவினார். இந்த முறை அவர் நடிக்கவில்லை. கல் நடுகிறவருக்குச் சரியான இடத்தில் விழுந்ததைப் பார்த்தால் மனசு நிறையத்தான் செய்யும். "இந்தக் கிளப்ல இப்படி ஒரு பத்தை நான் பாத்ததே இல்ல" என்றார் பிளம்பரிடம். "நிஜமா நீங்களா சுட்டீங்க?"

பிளம்பர் மாமாவுக்காக எதையும் செய்யக்கூடியவன். தலையைக் குனிந்து, வெட்கப்பட்டு, காலால் தரையைக் கீறி, "ஏதோங்க... கை படிஞ்சுது" என்றான்.

கண்ணாடிக்காரருக்கு அந்தக் "கை படிஞ்சுது" பொறுக்கவில்லை. இடம் போகட்டும், சட்டை போகட்டும், இன்னொரு பதினோரு வருஷம் தண்ணீர் பாட்டில் காக்கட்டும். கூரையைச் சுட்டவன் கை படிந்ததாம்!

"அது என்னுது!" என்று கத்தினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. "அந்தப் பத்தும் என்னுது! அவன் காகிதம், ஆனா என் குண்டு! துப்பாக்கியில ஒரு குறையும் கிடையாது, சொன்ன இடத்துல போடுது. நான்தான் தப்பான இடத்தைச் சொல்லிட்டேன். அதை அடிங்கம்மா, அந்த வரியை அடிங்க!"

பிளம்பர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சர்வேயரம்மா எழுந்து போய், ஐந்தாம் சட்டத்தின் பின்னாலிருந்த வெற்று அட்டையைக் கொண்டுவந்தார். நேராக வந்த குண்டு, முன்னால் போட்ட ஓட்டைக்கு நேர் பின்னால் அட்டையிலும் ஓட்டை போடும். பக்கத்து மேஜையிலிருந்து சாய்ந்து வந்த குண்டு தள்ளிப் போடும். அளவுகோலை வைத்தார். ஓர் அங்குலம் இடதுபுறம் தள்ளி, அட்டையிலும் அதே பொத்தான் ஓட்டை. பதிவேட்டில் எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்து, "துப்பாக்கியில் குறை இல்லை. பத்தும் ஒரே ஓட்டை" என்று எழுதினார். கண்ணாடிக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஐம்பது மீட்டர்னு போட்டீங்களா?" என்று உறுதிசெய்துகொண்டார்.

"போட்டாச்சு. இப்ப விதி" என்றார் சர்வேயரம்மா. "பக்கத்துக் காகிதத்துல சுட்டது சுட்டவருக்குப் பூஜ்யம். காகிதத்துக்காரருக்கு, அதுல விழுந்ததுல எது உசத்தியோ அந்தப் பத்து. அப்ப உங்களுக்குத் தொண்ணூத்தெட்டும் பூஜ்யமும், தொண்ணூத்தெட்டு. அவருக்கு ஏழும் நூறும், நூத்தேழு. பேசினதுக்கு ஆளுக்கு ரெண்டு கழிச்சா தொண்ணூத்தாறு, நூத்தஞ்சு."

"அய்யோ, நானா?" என்று அலறினான் பிளம்பர். "நான் விலகிக்கறேங்க! எனக்குப் போட்டியன்னிக்கு ஒரு மோட்டார் மாட்ட வேண்டியிருக்கு!"

"நீங்க விலகினா இது தனி ஆள் தேர்வாயிடும். செல்லாது. நாலு பேர் இல்லாத அணி போகவே முடியாது." அவர் பேனாவைத் திறந்து பிளம்பரின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, மாற்று ஆள் என்ற இடத்தில், யாரையும் கேட்காமல் கண்ணாடிக்காரரின் பெயரை எழுதினார். பிறகு, விதியில் இல்லாத ஒரு காரியமாக, ஐந்தாம் காகிதத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

வண்டியைக் கண்ணாடிக்காரர்தான் ஓட்டினார். பிளம்பர் முன் இருக்கையில் துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மடியில் காகிதம். அக்காவிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"மாமா, போட்டியன்னிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"மாற்று ஆள் பின்னாடிதான் உக்காரணும்."

"அங்கேயிருந்து என் காகிதம் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சுட்டுருவீங்கல்ல?"

"பின்னாடிலேர்ந்து சுட்டா நடுவுல உன் மண்டை இருக்கும் மாப்ள."

பிளம்பர் அதையும் ஒரு வழியாகப் பரிசீலித்துவிட்டு, "நான் குனிஞ்சுக்குவேன்" என்றான். கண்ணாடிக்காரருக்கு வருத்தம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அந்த வருத்தம் உட்கார இடமில்லாதபடி அந்தப் பத்துக் குண்டும் மனசை அடைத்துக்கொண்டிருந்தன. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது காகிதத்தை விரிக்கச் சொன்னார்.

"எத்தனை ஓட்டை தெரியுது, சொல்லு."

"நடுவுல ஒண்ணு மாமா."

"எத்தனை குண்டு?"

"பத்து மாமா."

"யாரு சுட்டது?"

பிளம்பர் காகிதத்தின் மூலையில் சர்வேயரம்மா எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

"விதிப்படி கேக்கறீங்களா மாமா, நெசமா கேக்கறீங்களா?"